பதினொரு பாட்டும் அந்த வரிசையிலேயே

பழைய அல்பம் ஒன்றைத் திரும்பக் கேட்பதென்றால் முதலில் பாட்டு வரிசையைச் சரிபாருங்கள். ஹெட்போன், ஸ்பீக்கர் பொக்ஸ், நேரம், இடம் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

பெடியனாக இருந்தபோது விழுந்து விழுந்து கேட்ட அல்பம் ஒன்றைத் திரும்பக் கேட்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், "அப்ப எந்த வரிசையில கேட்டனீங்கள்?" என்றுதான் நான் கேட்பேன். வட இலங்கையின் வன்னியில் என் வயதுக்காரர் பலருக்கு விடை தெரியாது. உறையும் படமும் பாட்டு வரிகளும் அச்சடித்த ஒறிஜினல் சிடி எங்கள் கைக்கு வந்தது குறைவு. வந்ததெல்லாம் எம்பி3 சிடி. 700 எம்பி வெற்றுச் சிடி ஒன்றுக்குள் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலப் பாட்டை அடைத்துக் கொண்டுவருவார்கள். பிளேயர் அதை ஆங்கில அகரவரிசையில் பாடும்.

எனக்கு அப்படி வந்து சேர்ந்ததுதான் சுவிட்ச்ஃபுட் என்ற குழுவின் 'த பியூட்டிஃபுல் லெட்டவுன்'. அமெரிக்காவின் சான் டியாகோ ஆட்கள். கடைகளில் கிறிஸ்தவ ஆல்டர்நேட்டிவ் றொக் என்ற தட்டில் அடுக்கி வைப்பார்கள். அல்பம் வெளிவந்தது 2003 பெப்ரவரியில். அதற்கு முதல் வருசம், போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து, வெளிநாட்டுச் சொந்தங்கள் வன்னிக்குள் வந்துபோகத் தொடங்கியிருந்தன. கனடாவில் இருந்து வந்த மச்சான் ஒருவர் விட்டுப்போன சிடியில், சினிமாப் பாட்டுகளுக்கும் ஞானப்பாட்டுகளுக்கும் நடுவில் இந்தப் பதினொன்றும் கிடந்தன. வீட்டில் கரண்ட் இல்லை. ட்ரக்டர் பற்றரியில் கொழுவிக் கேட்டது.

அகரவரிசையில் முதலாவதாக வந்தது 'ஆடிங் டு த நொய்ஸ்'. உலகத்து இரைச்சலை நாங்களும் கூட்டுகிறோம் என்றால் இந்தப் பாட்டை நிறுத்திவிடு என்று கேட்பவரிடமே சொல்கிற பாட்டு. ஆகவே என்னுடைய அல்பம் தன்னை நிறுத்தச் சொல்லிக்கொண்டே தொடங்கியது. குழு செய்த அல்பத்தில் அது பத்தாவது பாட்டு. ஒன்பது பாட்டுப் பாடி முடித்த பிறகு அதைச் சொல்வது வேறு, வாசலில் நின்று சொல்வது வேறு.

சரியான வரிசை இது: மென்ட் டு லிவ், திஸ் இஸ் யுவர் லைஃப், மோர் தான் ஃபைன், அமியூனிஷன், டெயார் யூ டு மூவ், ரிடெம்ப்ஷன், த பியூட்டிஃபுல் லெட்டவுன், கோன், ஒன் ஃபயர், ஆடிங் டு த நொய்ஸ், ட்வென்டி ஃபோர். அகரவரிசையிலும் சரி, குழுவின் வரிசையிலும் சரி, 'ட்வென்டி ஃபோர்' கடைசியில்தான் நிற்கும். அந்த ஒரு பாட்டுத்தான் எனக்கு அப்போதும் தன் இடத்தில் இருந்து பாடியிருக்கிறது.

போனில் கேட்பதென்றால் ஒன்றோடொன்று குறுக்கே போகிற இரண்டு அம்புக்குறியைத் தேடி அணைத்து விடுங்கள். பாட்டைக் கலைத்துப் போடுவது அதுதான். காசு கட்டாத கணக்கென்றால் சில செயலிகள் உங்களைக் கேட்காமலே கலைக்கும். அப்படியானால் முழு அல்பமும் ஒரே வீடியோவாகக் கிடக்கிறதா என்று யூரியூப்பில் பாருங்கள். பென் டிரைவில் போடுவதென்றால் கோப்புகளின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று இலக்கம் போடவேண்டும். வெறும் 1, 2 என்று போட்டால் பல பிளேயர்களில் 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும்.

அதோடும் வேலை முடியாது. நான் பரந்தனுக்குக் கிட்ட ஒலி, ஒளி அமைப்பு வாடகைக்கு விடுகிற ஆள். திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கொண்டுபோகிற மலிவான பிளேயர்களை எனக்கு வடிவாகத் தெரியும். அவற்றில் சிலதுக்கு எழுத்தும் விளங்காது, இலக்கமும் விளங்காது. எந்தக் கோப்பு முதலில் கொப்பி பண்ணப்பட்டதோ அதுதான் முதலில் பாடும். ஆகவே பென் டிரைவைத் துடைத்துவிட்டு, ஒன்றொன்றாக, ஒன்று முடிந்தபின் மற்றது என்று கொப்பி பண்ணுங்கள். பதினொரு கோப்பையும் சேர்த்து இழுத்துப் போட்டால் கொம்பியூட்டர் தன் இஷ்டத்துக்குத்தான் அனுப்பும்.

அடுத்தது, எந்தப் பதிவு என்பது. 2023இல், இருபது வருசம் நிறைந்ததற்கு, குழு இந்தப் பாட்டுகளைத் திரும்பவும் வாசித்துப் பாடிப் பதிந்து 'அவர் வேர்ஷன்' என்ற வாலோடு வெளியிட்டது. தேடும்போது இரண்டும் சேர்ந்து வரும். வேறு பாடகர்கள் பாடின பதிப்பும் இருக்கிறது. அதை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் அந்த நாளில் கேட்டது 2003 பதிவு என்றால் அதிலேயே தொடங்குங்கள். புதிது ஒரு கிழமை காத்திருக்கட்டும்.

கோப்பின் தரமும் முக்கியம். எங்களிடம் அப்போது இருந்தவை 128 கேபிபிஎஸ் (செக்கனுக்கு 128 கிலோபிட்) கோப்புகள், நிமிடத்துக்கு ஒரு எம்பி கணக்கு. அந்தச் சுருக்கலில் மேல்சுரம்தான் முதலில் அடிபடும். ட்ரம்ஸ் வாசிக்கிற சாட் பட்லர் தட்டுகிற வெண்கலத் தட்டு, தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம்போல 'ஷ்ஷ்' என்று கேட்கும். 320 கேபிபிஎஸ் கோப்போ, செயலியில் உயர் தரமோ போட்டுப் பாருங்கள். தட்டு தட்டாகவே கேட்கும். பழைய கோப்பே வேண்டும், அதில்தான் நினைவு இருக்கிறது என்று சிலர் அடம்பிடிப்பார்கள். அது நினைவு கேட்பது. பாட்டுக் கேட்க வந்தவர்களுக்குத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி அறை. தகரக் கூரை, சீமெந்துச் சுவர், வெறும் நிலம் என்றால் எந்தப் பொக்ஸை வைத்தாலும் சத்தம் மோதி மோதித் திரும்பும். 'மென்ட் டு லிவ்' தொடக்கத்தில் வருகிற கனமான கிற்றார் அந்த மாதிரி அறையில் வெறும் கலகலப்புத்தான். வன்னியில் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது: நெல் மூட்டை. காலபோகம் வெட்டி, விலை ஏறட்டும் என்று மூட்டையை வீட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிற மாசி, பங்குனி நாட்களில் அந்த அறைக்குள் போய்க் கைதட்டிப் பாருங்கள். தட்டின சத்தம் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களில் இலட்சக் கணக்கில் செலவழித்துச் செய்வதை எங்கள் வீட்டில் நெல் சும்மா செய்துவிடுகிறது. மூட்டை உங்கள் முதுகுப் பக்கமும் இரண்டு பக்கமும் இருக்கட்டும். இரண்டு பொக்ஸையும் எதிரில், காதின் உயரத்துக்கு, கதிரையில் வையுங்கள். பொக்ஸுக்கும் பொக்ஸுக்கும் இடையில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நீங்கள் இருக்கவேண்டும். மூலைக்குள் பொக்ஸைத் தள்ளினால் பேஸ், அதாவது அடிச்சத்தம், வீங்கும். நெல் இல்லாத மாதமென்றால் மெத்தையை நிமிர்த்தி வைத்து, கொடியில் இரண்டு போர்வை போடுங்கள்.

கோர்ன் ஸ்பீக்கரில் மட்டும் போடவேண்டாம். அது தேவாரமும் மரண அறிவித்தலும் மூன்று கட்டைக்குக் கேட்கச் செய்வதற்கு. அடியும் மேலும் இல்லாத நடுச் சத்தம் மட்டும்தான் அதில் வரும்.

ஹெட்போன் என்றால் மலிவானதும் போதும். ஜாக்கை முழுக்கக் குத்தினீர்களா என்று மட்டும் பாருங்கள். பாடுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோலவும் வாத்தியம் மட்டும் பெரிதாகவும் கேட்டால், ஜாக் அரைவாசியில் நிற்கிறது, அல்லது வயருக்குள் ஒரு இழை அறுந்துவிட்டது. இடது வலது இரண்டிலும் பொதுவாக இருக்கிற சத்தம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் வருகிற வினை அது. நடுவில் நிற்கிற குரல்தான் முதலில் பறிபோகும். பேஸ் பூஸ்டை அணையுங்கள். போனில் டொல்பி என்று ஒன்று கிடந்தால் அதையும் அணையுங்கள். அந்தக் காலத்து றொக் அல்பங்களைச் சத்தம் முட்ட முட்டத்தான் பதிந்தார்கள், ஆகவே வொலியூமை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்துத் தொடங்கலாம்.

நேரம் என்று பார்த்தால் இரவு ஒன்பதுக்குப் பிறகு. வெட்டு மெசின் வயலில் நிற்கிற நாட்கள் சரிவராது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஒட்டின நாட்களில் முயற்சிக்கவே வேண்டாம். அப்போது ஊருக்கு இடைஞ்சல் தருகிறவர்களில் நானும் ஒருவன். கரண்ட் போனால் ஏசாதீர்கள். விசிறி நின்று, பிறிஜ் நின்று, பக்கத்து வீட்டு ரீவியும் நின்றபின் வருகிற அமைதி காசுக்கு வாங்கக் கிடைக்காது. போனில் சார்ஜ் இருந்தால் அந்த நேரத்தையே பிடியுங்கள். பஸ்ஸில் கேட்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அல்பம் முக்கால் மணித்தியாலம், பரந்தனில் ஏறினால் தர்மபுரம், விசுவமடு தாண்டிப் போகும் வரைக்கும் வரும். ஆனால் றைவர் தன்னுடைய பாட்டைப் போடுவார். அவருடைய பொக்ஸ் உங்கள் ஹெட்போனைவிடப் பெரிது.

முதல் தரம் கேட்கும்போது பாட்டு வரிகளைத் திரையில் பார்க்கவேண்டாம். போனைக் கவிழ்த்து வையுங்கள். தெரிந்த அல்பம்தானே என்று வாய் தானாகச் சேர்ந்து பாடும், அதையும் மூடுங்கள். நீங்கள் பாடினால் உங்களைத்தான் கேட்பீர்கள். குரலை விட்டுவிட்டுக் கீழே போகிற பேஸ் கிற்றாரைப் பிடியுங்கள். பாடுகிறவர் ஜோன் ஃபோர்மன், பேஸ் வாசிப்பவர் அவருடைய தம்பி ரிம் ஃபோர்மன். தமையனும் தம்பியும் சேர்ந்த இடம் எங்கே, விலகின இடம் எங்கே என்று தேடினால் நீங்கள் இதுவரை கேட்டிராத ஒரு அல்பம் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஜெரோம் ஃபொன்டமியாஸின் கீபோர்டை இரண்டாவது பாட்டில் தேடுங்கள். முதல் பாட்டின் கிற்றார் முழக்கம் ஓய்ந்ததும் அந்த மின்னொலி வந்து விழுகிற இடத்தில்தான் இந்த வரிசை ஏன் இப்படி வைக்கப்பட்டது என்று எனக்கு விளங்கத் தொடங்கியது. மூன்றாவது பாட்டு சுமார். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நாலாவது 'அமியூனிஷன்'. பழியை எதன்மேல் வேண்டுமானாலும் போடு, ஆனால் வெடிமருந்து நாங்கள்தான் என்று சொல்கிற பாட்டு. சமாதான காலத்தில் இதை நான் துள்ளித் துள்ளிக் கேட்டேன், தாளம் அப்படி. இப்போது இந்த ஊரில் இருந்து கேட்கிறவர் யாராக இருந்தாலும் அந்தச் சொல்லில் கொஞ்சம் நிற்பார். மிதிவெடி இருக்கிறது என்று மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாட்டு எங்களுக்காக எழுதினதில்லை, அதை எங்களுடையதாக்க இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். அந்த இடத்தில் பாட்டை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது. நிறுத்தினால் அடுத்தது கிடைக்காது.

அடுத்தது 'டெயார் யூ டு மூவ்'. வரிசையின் வேலையைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. இந்தப் பாட்டு முதலில் வந்தது 2000ஆம் ஆண்டு 'லேர்னிங் டு பிறீத்' அல்பத்தில். அங்கே அதுதான் முதல் பாட்டு. 2003இல் திரும்பப் பதிந்து ஐந்தாவது இடத்தில் வைத்தார்கள். விழுந்த இடத்தில் இருந்து எழும்பு, அசை பார்ப்போம் என்று கேட்கிற பாட்டு. பழைய அல்பத்தில் அது ஆளை எழுப்பிவிடுகிற சத்தம். இங்கே 'அமியூனிஷன்' சொன்ன பழியைக் கேட்டுக்கொண்டிருந்தவனிடம் கேட்கிறது. சொல் ஒன்றுதான், பாரம் வேறு. இரண்டு அல்பமும் இணையத்தில் கிடக்கின்றன. ஒரு இரவு அதையும் முதலில் இருந்து போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் தரம் பாட்டு வரிகளோடு கேட்கலாம். இந்தக் குழுவைக் கிறிஸ்தவக் குழு என்று சொன்னாலும், தாங்கள் நம்பிக்கையால்தான் கிறிஸ்தவர், இசைவகையால் இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். பெரியம்மா ஒருமுறை நெல் அறைக்குள் வந்து இருந்து நாலு பாட்டுக் கேட்டுவிட்டு, "எடேய், இதில இயேசுவின்ர பேர் எங்க கிடக்கு?" என்றா. நான் 'ரிடெம்ப்ஷன்' போட்டேன். அதில் காயம்பட்ட விலாவில் கை வைக்கிற ஒரு வரி வரும், என்னுடைய சந்தேகத்தைவிட அந்தத் தழும்பு பெரிது என்று. சொல்லி விளங்கப்படுத்தினேன். "தோமையாரே?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "சரி, சத்தத்தைக் குறைச்சுப் போட்டுக் கேள்" என்று எழும்பிப் போனா.

எங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 'ஒன் ஃபயர்' மாதிரிப் பாட்டில் வருகிற 'நீ' காதலியா கடவுளா என்று வெளிநாட்டு இரசிகர்கள் மண்டையை உடைப்பார்கள். ஆண்டாளையும் மாணிக்கவாசகரையும் கேட்டுப் பழகின காதுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. இரண்டும்தான் என்று விட்டுவிட்டுக் கேட்கலாம்.

ஏழாவது, அல்பத்தின் பெயர்ப் பாட்டு, எல்லாவற்றிலும் நீளமானது. நான் இந்த உலகத்துக்கு உரியவன் இல்லை என்று சொல்லிக்கொண்டு போய், கடைசியில் படிப்பை விட்டவன், தோற்றவன், பாவி, முட்டாள் எல்லாருக்குமான ஒரு திருச்சபையைப் பற்றிச் சொல்லும். ஓஎல் பரீட்சை எழுதவேண்டிய நேரத்தில் இடம்பெயர்ந்து திரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்! நானும் அதில் ஒருவன். இந்தப் பாட்டில் எனக்கு நடுநிலை இல்லை, ஆகவே மதிப்பிடப் போகவில்லை. அதற்குப் பின்னால் வருகிற 'கோன்' ஒரு விளையாட்டுப் பாட்டு. அகரவரிசையில் கேட்ட காலத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவேன். பெயர்ப் பாட்டின் பாரத்துக்குப் பிறகு வரும்போது அந்த இலேசு வேண்டியிருக்கிறது.

அந்த மச்சானின் சிடி 2009இல் போனது. வேறு என்னென்ன அதோடு போனது என்று கணக்குப் பார்க்க இது இடமில்லை. நான் சொல்ல வருவது, பழைய சாமான் கையில் இல்லையே என்று யாரும் தயங்கவேண்டாம். அதே பிளேயர், அதே சிடி, அதே இடம் என்று ஒன்றுமே தேவையில்லை.

இளையவர்களைப் பக்கத்தில் வைத்துக் கேட்பதென்றால் விளக்கம் சொல்லாதீர்கள். என் மருமகன் பத்தாவது பாட்டு வரைக்கும் பொறுமையாக இருந்தான். 'ஆடிங் டு த நொய்ஸ்' சொல்வதை விளங்கிக்கொண்டு, "அப்ப நிப்பாட்டட்டோ மாமா?" என்று கேட்டான். அந்தப் பாட்டுக்கு வேறு விமர்சனம் தேவையில்லை.

'ட்வென்டி ஃபோர்' முடியும் முன்பு ஒட்டோபிளேயை அணைத்து வைத்திருங்கள். இல்லாவிட்டால் அந்த அமைதியான முடிவின் வாலில் செயலி வேறு யாருடைய பாட்டையோ கொண்டுவந்து ஒட்டும். ஒரு கிழமைக்குப் பிறகு 2023 பதிவை அதே அறையில், அதே வொலியூமில் போடுங்கள். முழுவதும் ஒப்பிட நேரமில்லை என்றால் அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் இரண்டிலும் கேளுங்கள். ஜோன் ஃபோர்மன் இருபத்து நாலு வயதில் தன் வயதை வைத்து எழுதின பாட்டு அது. புதிய பதிவு வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு. எந்தச் சொல்லில் குரல் ஆறுதலாகப் போகிறது என்று கவனியுங்கள்.

முடிந்ததும் பொக்ஸைக் கதிரையில் இருந்து இறக்கி, பேஸ் பூஸ்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். விடிந்தால் கலியாண வீடு. அது இல்லாமல் போனால் சனம் ஏசும்.